சாஃப்ட்வேர் அப்புறம், முதலில் வெறும் அட்டவணை

கேள்வி: கல்லூரியில் பொருளியல் ஆசிரியராக இருக்கிறேன். இறுதியாண்டு இளங்கலை மாணவர்கள் 26 பேருக்கான ஆய்வுத்திட்டப் பாடத்தை இந்த முறை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கையில் இருப்பது 15 வாரம். போன ஆண்டு ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாத் தலைப்பும் ‘தாக்கம்: ஓர் ஆய்வு’ என்றுதான் முடிகிறது. பாதிக்கு மேல் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியவை. கடைசி நாளில் ஸ்லைடைப் பார்த்து அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். இந்த ஆண்டு சாட்ஜிபிடி வேறு. முதல் ஐந்து வாரம் புள்ளியியல் சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும் என்கிறார்கள் துறையில் மூத்தவர்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கே ஆரம்பிப்பது? இன்னொன்று: தரவில் எந்தத் தாக்கமும் தெரியவில்லை என்றால் அந்த மாணவர் என்ன செய்வது? போன ஆண்டு ஒரு பெண் இதற்காக அழுதேவிட்டாளாம்.

பதில்: நம்பிக்கை வராதது நல்லதுதான். ரிக்ரெஷன் (ஒன்று மாறும்போது இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று மதிப்பிடும் புள்ளியியல் கணக்கு) போடக் கற்றவுடன் மாணவர்கள் செய்யும் முதல் வேலை, எதை வைத்து ரிக்ரெஷன் போடலாம் என்று தேடுவது. கேள்வி என்ன என்பதே மறந்துபோகும். திரையில் பதினான்கு வரி வந்து விழும். அதில் எந்த வரி தனக்கு வேண்டியது என்று கேட்டால் முழிப்பார்கள். புள்ளியியல் சாஃப்ட்வேர் ஸ்டேட்டாவோ (Stata) ஆரோ (R), எதுவானாலும் ஒன்பதாவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த மாணவர், அதற்கான கட்டளைகளை இரண்டு வாரத்தில் பழகிவிடுவார். இளங்கலை ஆய்வுகளில் பலவற்றுக்கு எக்ஸெலே போதும்.

அந்த ‘தாக்கம்: ஓர் ஆய்வு’ சமாசாரத்திலிருந்து ஆரம்பிப்போம். அது ஒரு பேசுபொருள். கேள்வி ஆகவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இதற்கு ‘இல்லை’ என்று பதில் வர முடியுமா? ‘பணவீக்கத்தின் தாக்கம்’ என்பதற்கு யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. என்ன எழுதினாலும் சரியாகிவிடும், அதனால்தான் எடுத்து ஒட்டுவதும் சுலபமாகிறது. தான் தோற்க வாய்ப்புள்ள கேள்வியை வைத்திருக்கும் மாணவருக்கு ஒட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. முதல் இரண்டு வாரமும் இதற்கே போகட்டும்.

வகுப்பில் மூன்று கேள்விகளைப் பழக்கப்படுத்துங்கள். எதனோடு ஒப்பிட்டு? எவ்வளவு? அதனாலா, அதோடா? மூன்றாவதுதான் கடினம். ஒன்று இன்னொன்றால் நடந்ததா, அல்லது இரண்டும் சேர்ந்து நடந்தனவா என்பதை இரண்டே சொல்லில் கேட்கலாம். நான் எந்த மாணவரிடமும் ‘அதனாலா, அதோடா’ என்பதற்கு மேல் நீட்டி விளக்கியதில்லை. ஒட்டுறவு வேறு, காரணம் வேறு என்று பாடமாக நடத்தினால் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள்.

என்னிடம் ஒரு மாணவர் பகுதிநேர வேலையைப் பற்றி ஆய்வு செய்ய வந்தார். எங்களுக்குள் நடந்த பேச்சு கிட்டத்தட்ட இப்படி:

“என்ன பார்க்கப் போகிறீர்கள்?”

“பகுதிநேர வேலையோட தாக்கம் சார்.”

“எதன் மேல்?”

“படிப்பு மேல.”

“படிப்பை எதை வைத்து அளப்பீர்கள்?”

“மார்க்கை வச்சு.”

“யாருடைய மார்க்? எந்தப் பருவத்து மார்க்?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரு தாளை எடுத்து எழுதினார்: ‘நம் கல்லூரி இரண்டாமாண்டு மாணவர்களில், வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலைக்குப் போகிறவர்களின் பருவத் தேர்வு மதிப்பெண், போகாதவர்களுடையதைவிடக் குறைவா?’ இதற்கு இல்லை என்று பதில் வரலாம். கேட்டுப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். ஒரு பருவத்துக்குள் முடியும். இவ்வளவுக்கும் இருபது நிமிடம் ஆனது.

அடுத்த படியை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தரவு திரட்டுவதற்கு முன்னால், கடைசியில் காட்டப்போகும் அட்டவணையை எண்கள் இல்லாமல் வரையச் சொல்லுங்கள். தலைப்பு, வரிசைகள், பத்திகள் எல்லாம் இருக்க வேண்டும், கட்டங்கள் மட்டும் காலியாக. அந்த மாணவர் மூன்று வரிசை போட்டார்: வேலைக்குப் போகாதவர்கள், பத்து மணி நேரம் வரை போகிறவர்கள், அதற்கு மேல் போகிறவர்கள். பத்திகள் இரண்டு: எத்தனை பேர், சராசரி மதிப்பெண். நான் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “இங்கே குறைவான எண் வந்தால் என்ன சொல்வீர்கள்?” என்றேன். “வேலையால படிப்பு கெடுதுன்னு சொல்லுவேன்.” “அதனாலா, அதோடா?” காலிக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வேலைக்குப் போறவங்க முன்னாடியிருந்தே கம்மியா எடுக்கிறவங்களா இருக்கலாமே சார்” என்றார். மூன்றாவதாக ஒரு பத்தி சேர்ந்தது: கல்லூரிக்கு வருவதற்கு முன் பள்ளி இறுதித் தேர்வில் எடுத்த மதிப்பெண். அவருடைய ஆய்வின் உயிரே அந்தப் பத்திதான். தரவு திரட்டி முடித்த பிறகு இது தோன்றியிருந்தால், அத்தனை பேரிடமும் மறுபடி போய் நின்றிருக்க வேண்டும். (சக மாணவர்களிடம் கேட்கும்போது பெயர் எழுதி வாங்காமல் இருப்பதும், விருப்பமில்லாதவர்களை விட்டுவிடுவதும் முதல் நாளே சொல்லவேண்டியவை.)

சின்ன அட்டவணையா என்று மாணவர்கள் உதட்டைப் பிதுக்கினால் கரும்பலகையில் நான்கு எண்களை எழுதுங்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் என்ற பொருளியலாளர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக 410 துரித உணவுக் கடைகளில், ஊதியம் உயர்வதற்கு முன்பு ஒரு முறையும் பின்பு ஒரு முறையும், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார்கள். முழுநேரக் கணக்கில் (பகுதிநேர ஊழியரை அரை ஆளாக எண்ணி) ஒரு கடைக்குச் சராசரியாக நியூ ஜெர்சியில் முன்பு 20.44 பேர், பின்பு 21.03. பென்சில்வேனியாவில் முன்பு 23.33, பின்பு 21.17.

இந்த நான்கை மட்டும் எழுதிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நில்லுங்கள். ஊதியத்தை உயர்த்தினால் ஆட்குறைப்பு நடக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள், உயர்த்திய இடத்தில் குறையவில்லையே என்று தாங்களாகவே கண்டுபிடிப்பார்கள். நியூ ஜெர்சியை மட்டும் பார்த்தால் ஏன் போதாது, பென்சில்வேனியா எதற்கு என்று அப்போது கேளுங்கள். ஒப்பீடு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு தனியாக நடத்தவேண்டியதில்லை. 1994-இல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் தரவைப் பற்றிப் பின்னால் பெரிய சண்டையே நடந்தது, அதையும் சொல்லுங்கள். 2021-இல் கார்டுக்கு நோபல் கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை.

உங்கள் 15 வாரத்துக்கு வருகிறேன். 26 தனித்தனி ஆய்வுகளை ஒருவர் ஒழுங்காகப் படித்துத் திருத்த முடியாது. இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள், 13 ஆகும். மூன்று பேர் சேர்ந்தால் மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பார், அது வேண்டாம். மூன்றாவது, நான்காவது வாரங்களில் வெறும் அட்டவணை. ஐந்தாவது வாரத்தில் முன்னாய்வுகள். ஆறாவது வாரத்தில், இன்னொருவர் செய்து வெளியிட்டதை அப்படியே திரும்பச் செய்து பார்க்கும் பயிற்சி. ஏழு, எட்டில் தங்கள் தரவைத் திரட்டட்டும்.

ஆறாவது வாரத்துப் பயிற்சியை நேரமில்லை என்று வெட்டிவிடத் தோன்றும். வெட்டாதீர்கள். 2010-இல் கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற இரண்டு பெரிய பொருளியலாளர்கள், அரசின் கடன் ஜிடிபியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 விழுக்காடு என்று எழுதினார்கள். அரசுகள் செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் பலர் அதை எடுத்துக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் ஆம்ஹர்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டனுக்கு, வெளிவந்த ஒரு கட்டுரையின் கணக்கைத் திரும்பப் போட்டுக்காட்டும்படி வகுப்பில் வீட்டுப்பாடம். அவர் இதை எடுத்தார். எப்படிப் போட்டாலும் அந்த எண் வரவில்லை. கட்டுரையை எழுதியவர்களுக்கே எழுதிக் கேட்டு எக்ஸெல் கோப்பை வாங்கிப் பார்த்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 49-ஆம் வரி வரை போகவேண்டியது 44-ஆம் வரியிலேயே நின்றிருந்தது. ஐந்து நாடுகள் கணக்கிலேயே இல்லை. அந்தப் பிழையின் பங்கு சிறியதுதான். சில நாடுகளின் சில ஆண்டுகளை விட்டதும், நாடுகளுக்கு எடை கொடுத்த முறையும் இன்னும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருந்தன. எல்லாவற்றையும் சரிசெய்து 2013-இல் ஹெர்ன்டனும் அவருடைய இரண்டு ஆசிரியர்களும் போட்ட கணக்கில் வந்தது பிளஸ் 2.2.

உங்கள் மாணவர்கள் யாரையும் கவிழ்க்கவேண்டியதில்லை. உலக வங்கியின் இணையதளத்தில் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏதாவது ஓர் அறிக்கையில் உள்ள வரைபடத்தைக் கொடுத்து, இதே கோடு வரும்வரை விடாதீர்கள் என்று சொல்லுங்கள். முதல் முயற்சியில் வராது. விலையேற்றத்தைக் கழிக்காமல் வெறும் தொகையைப் போட்டிருப்பார்கள். தலைக்கு இவ்வளவு என்று வகுக்க மறந்திருப்பார்கள். தரவே இல்லாத ஆண்டைச் சுழியம் என்று நிரப்பியிருப்பார்கள். இந்த மூன்றையும் தாங்களே செய்து மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் சொந்தத் தரவில் எச்சரிக்கையாகிவிடுவார்கள்.

முன்னாய்வுகளுக்கு ஓர் இணைக்கு மூன்று கட்டுரை போதும். முப்பது என்று சொன்னால் முப்பது சுருக்கங்களை அடுக்கி ஒட்டுவார்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்றே வாக்கியம்: என்ன கேட்டார்கள், எதனோடு எதை ஒப்பிட்டார்கள், என்ன கிடைத்தது. உங்கள் சாட்ஜிபிடி கவலைக்கும் பாதி மருந்து இதிலேயே இருக்கிறது. அந்த மாதிரி மென்பொருள்கள் இல்லாத கட்டுரைக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டுக் கொடுக்கும். கட்டுரையையே கொண்டுவந்து மேஜையில் வைத்து, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். மொழியைத் திருத்திக்கொள்ளவோ, புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவோ அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெறும் அட்டவணையை மட்டும் வகுப்பிலேயே, தாளில், உங்கள் கண் முன்னால் போட வையுங்கள்.

மருந்தின் மறுபாதி, பேச்சு. கடைசி வாரத்தில் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) தயாராவது என்ற ஏற்பாட்டில்தான் எல்லாம் கெடுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்தே வாரா வாரம் ஓர் இணைக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். ஸ்லைடு கிடையாது, தாள் கிடையாது. கேள்வி என்ன, இந்த வாரம் என்ன செய்தோம், எங்கே மாட்டிக்கொண்டோம். 13 இணைக்கு 26 நிமிடம். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் மூன்று பேருக்கு முறைவைத்து வேலை கொடுங்கள்: ஒருவர் ‘எதனோடு ஒப்பிட்டு?’ என்று மட்டும் கேட்கவேண்டும், இன்னொருவர் ‘எவ்வளவு?’, மூன்றாமவர் ‘அதனாலா, அதோடா?’. முதல் வாரம் சிரிப்பார்கள். ஐந்தாவது வாரத்தில் பேசுகிறவர்களே அந்தக் கேள்விகளுக்கு முந்திக்கொண்டு பதில் சொல்வதைப் பார்ப்பீர்கள். வாயால் சொல்ல வராதபோதுதான் திட்டத்தில் எங்கே ஓட்டை என்று அவர்களுக்கே தெரிகிறது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் கருத்தரங்கில் இருபது நிமிடத்துக்கு நாற்பது ஸ்லைடு கொண்டுபோனேன். பின்னணி, முக்கியத்துவம், நோக்கங்கள், முன்னாய்வுகள் என்று போய்க்கொண்டே இருந்தேன். தலைவர் மணியடித்தபோது நான் ஆய்வு முறையில் நின்றிருந்தேன். இடைவேளையில் ஒரு பெரியவர் தோளில் கைபோட்டு, “கடைசியில என்னதான்ப்பா கண்டுபிடிச்சே?” என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பத்து நிமிடப் பேச்சில் முதல் நிமிடத்திலேயே கேள்வியும் பதிலும் இரண்டும் வந்துவிட வேண்டும். மர்மக் கதை மாதிரி முடிவை ஒளித்துவைக்கத் தேவையில்லை. ‘பொருளடக்கம்’ என்று ஒரு ஸ்லைடு, ‘நன்றி’ என்று ஒரு ஸ்லைடு, இரண்டையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தொடக்கம் எப்படி இருக்கலாம் என்பதற்கு பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவேன். கேரளக் கடற்கரைக்கு 1997 முதல் 2001 வரை படிப்படியாகக் கைபேசி வந்தபோது மீன் சந்தைகளில் என்ன மாறியது என்பது அவர் கேள்வி. அதில் ஒரு காலைப் பொழுது வரும். 1997 ஜனவரி 14, வடகரையில் 11 மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் பிடித்த மீனைக் கொட்டப் போகிறார்கள். அங்கிருந்து 15 கிலோமீட்டருக்குள் வேறு சந்தைகளில் மீன் வாங்க வந்த 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பப் போகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் இருப்பது தெரியாது. தகவல் இல்லாத சந்தை என்ன ஆகும் என்று இதற்கு மேல் விளக்க என்ன இருக்கிறது? முடிவும் அதே அளவுக்குத் தெளிவு: கைபேசி வந்த பிறகு மீனவர்களின் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, வாங்குகிறவர் கொடுக்கும் விலை 4 விழுக்காடு குறைந்தது. ‘எவ்வளவு?’ என்று கேட்கவே இடமில்லை.

அட்டவணையை ஸ்லைடில் போடும்போது சாஃப்ட்வேர் கொடுத்ததை அப்படியே படம் பிடித்து ஒட்டுவதைத் தடை செய்துவிடுங்கள். பேசப்போகும் எண் மட்டும் இருக்கட்டும், பெரிய எழுத்தில். அதையும் வாக்கியமாகச் சொல்லப் பழக்குங்கள். “ஒரு மணி நேர வேலைக்குக் குணகம் மைனஸ் 0.48, ஐந்து விழுக்காடு மட்டத்தில் சிக்னிஃபிகன்ட்” என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. “பள்ளியில் ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில், வாரத்துக்குப் பத்து மணி நேரம் வேலைக்குப் போகிறவர் பருவத் தேர்வில் சராசரியாக ஐந்து மதிப்பெண் குறைவாக எடுத்திருக்கிறார்” என்றால் விளங்கும். இங்கே ‘வேலையால்’ என்ற சொல் வரவில்லை, கவனித்தீர்களா? அதை மாணவர்கள் தாங்களாகவே தவிர்க்க ஆரம்பித்தால் பாடம் ஏறிவிட்டது என்று அர்த்தம். வரைபடம் காட்டினால், கோட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் படுக்கை அச்சில் என்ன, நிமிர்ந்த அச்சில் என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்களில் பலருக்கே இது வராது.

கேள்வி கேட்டால் நடுங்குகிறவர்களுக்கு, “அது என் தரவில் இல்லை, தெரியவேண்டுமானால் இதைத் திரட்டவேண்டும்” என்று சொல்லலாம் என்பதே தெரிவதில்லை. இப்படிச் சொன்னால் மதிப்பெண் குறையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அறிவித்தபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

சரி, அழுத பெண்ணைப் பற்றி. ‘தாக்கம் தெரியவில்லை’ என்பதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் அழுகை. நம்பிக்கை இடைவெளி என்று நாம் நடத்துகிறோமே, உண்மையான எண் எதிலிருந்து எதற்குள் இருக்கலாம் என்று தரவு காட்டும் எல்லை, அதை எடுத்துப் பார்க்கவேண்டும். வேலைக்குப் போவதோடு சேர்ந்துவரும் மதிப்பெண் வித்தியாசம் மைனஸ் 1-க்கும் பிளஸ் 1-க்கும் நடுவில் என்று வந்தால், பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார். அது ஒரு முடிவு, தலைநிமிர்ந்து சொல்லலாம். மைனஸ் 9-க்கும் பிளஸ் 8-க்கும் நடுவில் என்று வந்தால், இருக்கிறதா இல்லையா என்று அந்தத் தரவால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். 30 பேரிடம் கேட்டுவிட்டு நிறுத்தினால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அதைக்கூட எத்தனை பேரிடம் கேட்டிருந்தால் இடைவெளி குறுகியிருக்கும் என்று ஒரு பத்தி எழுதினால் நல்ல ஆய்வேடாகிவிடும். செய்யக்கூடாதது ஒன்றுதான்: ஏதாவது ஒன்று சிக்னிஃபிகன்ட் (வெறும் தற்செயல் என்று ஒதுக்க முடியாதது) ஆகும் வரை மாறிகளைச் சேர்த்தும் எடுத்தும் ஓட்டிக்கொண்டே இருப்பது. நான்காவது வாரத்தில் போட்ட வெறும் அட்டவணையில் தேதியிட்டுக் கையெழுத்து வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி அட்டவணை அதிலிருந்து மாறியிருந்தால் ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதவேண்டும். மாறலாம், மறைக்கக்கூடாது.

அந்தப் பெண்ணின் ஆய்வேடு துறை அலமாரியில்தான் இருக்கும். எடுத்து அந்த இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். குறுகலாக இருந்தால், இந்த ஆண்டு முதல் வகுப்பில் காட்ட உங்களுக்கு ஒரு மாதிரி ஆய்வு கிடைத்துவிட்டது. அவரையே கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசச் சொல்லலாம்.